காற்றின் பக்கம் சாய்ந்து

1

ஓடுபாதை ஒரே திசையில் கிடக்கிறது. காற்று அப்படிக் கிடப்பதில்லை. காலையில் நேர் எதிரே வீசியது பதினோரு மணிக்குள் வலப்பக்கம் திரும்பிவிடும். தூரத்தில் மழைமேகம் கட்டினால் மறுபடி மாறும். சிறு விமானம் ஓட்டுகிறவர் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தரை சேர வேண்டும்.

பக்கக்காற்றில் இறங்குவதைப் பற்றி அவ்வப்போது யோசித்து எழுதிவைத்த குறிப்புகள் இவை. எழுதும்போது மனத்தில் இருந்த விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம். இறக்கை கூரைக்கு மேலே. மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம், உடலுக்குக் கீழே இரண்டு. 1955இல் முதன்முதலாகப் பறந்தது. உலகில் இதைவிட அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் வேறில்லை. பறக்கக் கற்ற ஏராளமானோரின் கையும் காலும் இதில்தான் பழகின.

2

பறத்தலின் தொடக்கத்தில் பக்கக்காற்றுச் சிக்கல் பெரிதாக இருக்கவில்லை. 1903 டிசம்பர் 17 அன்று, கிட்டி ஹாக் மணல்வெளியில், விமானம் ஓடிக் கிளம்ப வேண்டிய தண்டவாளத்தை ரைட் சகோதரர்கள் காற்றைப் பார்த்தே போட்டார்கள். மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசிய எதிர்க்காற்று துணை நிற்க, 12 விநாடி, 120 அடி என்ற அந்த முதல் பறப்பு கைகூடியது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் விமானத்தளம் என்றால் பெரும்பாலும் பரந்த புல்வெளிதான். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பி இறங்கலாம்.

விமானங்கள் கனத்தன, வேகம் கூடியது, புல்தரை போதவில்லை. கான்கிரீட்டும் தாரும் போட்டு நீண்ட பாதை அமைத்தபோது திசை நிலைத்துப்போனது. அந்தத் திசையை எப்படித் தேர்வது என்பதற்கு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. பல ஆண்டுக் காற்றுப் பதிவுகளை ஆராய்ந்து, 95 சதவீத நேரமாவது பக்கக்காற்று ஓர் அளவுக்குள் அடங்குமாறு ஓடுபாதையைப் போட வேண்டும். 1,200 மீட்டருக்கும் குறைந்த பாதையே போதும் என்கிற சிறு விமானங்களுக்கு அந்த அளவு 10 நாட், அதாவது மணிக்கு சுமார் 19 கிலோமீட்டர்.

மீதி 5 சதவீதத்தை எந்த வரைபடமும் தீர்த்துவைக்காது. அது விமானியின் பங்காக விடப்பட்டிருக்கிறது.

3

ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண் அதன் காந்தத் திசையைச் சொல்கிறது, பத்தின் மடங்காக்கி, கடைசிச் சுழியை விட்டுவிட்டு. கோயம்புத்தூர் ஓடுபாதையின் எண்கள் 05, 23. அதாவது சுமார் 50 டிகிரியும் 230 டிகிரியும். தென்மேற்குப் பருவ மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வேகம் கூட்டி வரும் மேல்காற்றைக் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. அந்தக் காற்று 260 டிகிரியிலிருந்து 20 நாட் வீசுவதாக வைத்துக்கொள்வோம். 23இல் இறங்குகிறவருக்குக் கோணம் 30 டிகிரி.

கோணம் 30 டிகிரி என்றால் காற்றின் வேகத்தில் பாதி பக்கவாட்டில் தள்ளும். 45க்குப் பத்தில் ஏழு பங்கு. 60க்குப் பத்தில் ஒன்பது பங்கு, கொஞ்சம் குறைவாக. 90க்கு முழுவதும். இந்த நான்கை மனப்பாடமாக வைத்திருந்தால் அட்டவணையைப் புரட்ட வேண்டியதில்லை. ஆக, அந்த 20 நாட் காற்றில் பக்கவாட்டில் தள்ளுவது 10 நாட். அதே காற்றிலிருந்து 17 நாட் எதிர்க்காற்றாகவும் கிடைக்கிறது. அது தரைமேல் வேகத்தைக் குறைத்து, தொட்டபின் ஓட வேண்டிய தூரத்தைச் சுருக்குகிறது. தள்ளுவதும் தாங்குவதும் ஒரே காற்றுதான்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் காற்று கடந்த இரண்டு நிமிடங்களின் சராசரி. சக்கரம் தொடும் விநாடியில் வீசப்போவது எது என்பதை அந்த எண் சொல்லாது. காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைக் கடைசிவரை ஓரக்கண்ணில் வைத்திருப்பது அதனால்தான்.

4

செஸ்னா 172இன் கையேட்டில் பக்கக்காற்றுக்கு 15 நாட் என்று போட்டிருக்கிறது. மீறவே கூடாத எல்லை என்ற பொருளில் அது எழுதப்படவில்லை. சோதனையின்போது இறங்கிக் காட்டப்பட்ட அளவு அது. சிறு விமானங்களுக்கான அமெரிக்கச் சான்றளிப்பு விதி கேட்டது, இறங்கும் அமைப்பில் விமானம் தூக்குவிசையை இழக்கும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. செஸ்னாவுக்குக் கணக்கிட்டால் 10 நாட்டுக்கும் கீழே வரும். காட்டியது 15.

அந்த 15 விமானத்தின் எண். ஓட்டுகிறவருக்கென்று தனியாக ஓர் எண் உண்டு. அது கையேட்டில் இருக்காது. சமீபத்தில் எத்தனை முறை காற்றில் இறங்கினார், எப்படித் தூங்கினார், எவ்வளவு நேரமாகப் பறந்துகொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்து அது வாராவாரம் மாறும். இரண்டு எண்களில் சிறியது எதுவோ அதுவே அன்றைய எல்லை.

5

காற்றில் இருக்கும் விமானத்துக்கு, தன் மூக்கு பார்க்கும் திசையும் தான் போகும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆற்றின் இழுப்பை அறிந்த ஓடக்காரர் எதிர்க்கரைத் துறைக்கு நேராகப் போக, ஓடத்தின் முகத்தை நீரோட்டத்துக்கு மேலே திருப்பி வைப்பார். விமானியும் அதையே செய்கிறார். மூக்கைக் காற்று வரும் பக்கம் சற்றே திருப்பிவைத்து, இறக்கைகளைச் சமமாக வைத்துக்கொண்டால், விமானம் நடுக்கோட்டின் நீட்சியிலேயே இறங்கி வரும். இதற்கு ‘கிராப்’ என்று பெயர்.

65 நாட் வேகத்தில் வரும்போது நேர் குறுக்காக 15 நாட் வீசினால், மூக்கு சுமார் 13 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். ஓடுபாதை முன்கண்ணாடியின் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். புதிதாகப் பார்க்கிறவருக்கு வேறெங்கோ போகிறோம் என்ற பதற்றம் வரும். ஆனால் இந்தக் கோணத்தை யாரும் இழுத்துப்பிடித்து வைத்திருக்கவில்லை. விமானம் தன் காற்றில் நேராகத்தான் பறந்துகொண்டிருக்கிறது. கை தளர்ந்திருக்கலாம். கண் மட்டும் நடுக்கோட்டை விடக்கூடாது.

6

இறுதித் திருப்பத்துக்கு முன்பே பக்கக்காற்று வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதைக்குக் குறுக்காக வரும் ‘பேஸ்’ பகுதியில் அது பின்காற்றாக அமைந்தால் தரைமேல் வேகம் கூடும். திருப்பத்தை வழக்கமான இடத்தில் தொடங்கினால் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விடுவோம். தாண்டியதும், வாலின் திசைத்தகடான ரட்டரைக் கால் அழுத்தி மூக்கை இழுக்கத் துடிக்கும், கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கைக் கை பின்னுக்கு வாங்கப் பார்க்கும். தாழப் பறக்கும்போது உயிரைப் பறித்த சுழற்சி விபத்துகள் பல இந்த இரண்டு அசைவுகளிலிருந்து பிறந்தவை. சாய்வைக் கூட்டுவதும் உதவாது. சமஉயரத்தில் 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் தூக்குவிசை இழக்கும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. 60 டிகிரியில் ஐந்தில் இரண்டு பங்கு.

சீக்கிரமே திரும்பத் தொடங்குவது, மெதுவாகச் சாய்ப்பது, தாண்டிவிட்டால் அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்து மேலே ஏறிவிடுவது. காற்றை முன்கூட்டியே கணக்கில் எடுத்தவருக்கு இதில் அவசரமே இருக்காது.

7

வானம் பொறுத்துக்கொள்வதைத் தரை பொறுத்துக்கொள்ளாது. சக்கரங்கள் மூக்கு பார்க்கும் திசையில் மட்டுமே உருளும். கோணலாகத் தொட்டால் டயர் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடும், சக்கரக் கால்கள் குறுக்குச் சுமையை வாங்கும், விமானம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். வால்சக்கர விமானங்களில் இது இன்னும் கடுமை. அவற்றின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானாகவே வளர்ந்து விமானத்தைச் சுழற்றிவிடும். மூக்குச்சக்கரம் உள்ளவற்றில் எடைமையம் முன்னால் இருப்பதால், விமானம் நேராகவே விரும்பும். அந்த விருப்பத்துக்கும் ஓர் அளவு உண்டு.

ஆகவே தொடுவதற்கு முன் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். மூக்கு ஓடுபாதையின் திசையைப் பார்க்க வேண்டும். விமானம் பக்கவாட்டில் நகராமலும் இருக்க வேண்டும். கிராபை வைத்துக்கொண்டே வந்து, தொடுவதற்கு ஓரிரு விநாடி முன்பு ரட்டரால் மூக்கை நேராக்கிவிடுவது ஒரு வழி. நேராக்கிய கணத்தில் விமானம் தன் பழைய வேகத்தால் கோட்டின்மேலேயே போகும். உடனே காற்று அதை நகர்த்தத் தொடங்கும். அந்தச் சிறு இடைவெளிக்குள் சக்கரம் தரையில் இருக்க வேண்டும். சிறு விமானம் இலேசானது, இடைவெளியும் சிறியது. முன்னதாக நேராக்கினால் நகர்வு. தாமதித்தால் கோணல்.

8

இன்னொரு வழி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்துவது. ஓடுபாதையை நெருங்கியதும் ரட்டரால் மூக்கை அதற்கு நேராக்க வேண்டும். அதே சமயம், இறக்கை நுனியை ஒட்டிய அசையும் தகடான எய்லரானால் காற்றுப்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்ந்த இறக்கை விமானத்தைக் காற்றை நோக்கிச் சரியவைக்கும். காற்று அதை எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டும் சமமானால் விமானம் நடுக்கோட்டை விட்டு அசையாது. பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் கற்பிக்கப்படும் முறை இதுதான். பலர் தூரத்தில் கிராபும் அருகில் இதுவுமாகச் சேர்த்துச் செய்கிறார்கள்.

கற்கிறவருக்குச் சிரமம் தருவது, கை ஒரு பக்கமும் கால் எதிர்ப்பக்கமும் போவது. இரண்டுக்கும் தனித்தனி வேலை என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். நடுக்கோட்டின்மேல் இருக்கிறோமா என்பது கையின் பொறுப்பு. மூக்கு நேராக இருக்கிறதா என்பது காலின் பொறுப்பு. காற்றுப்பக்கம் நகர்ந்தால் சாய்வைக் குறைக்கலாம், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கூட்டலாம். கால் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இதைப் பழக ஆசிரியர்கள் ஒரு பயிற்சி தருவார்கள். தரைக்குச் சற்று மேலே, இறக்கை தாழ்த்தி, தொடாமல், ஓடுபாதையின் நீளத்துக்குப் பறந்து, முடிவில் மேலே ஏறிவிடுவது. இறங்க வேண்டும் என்ற கவலை இல்லாததால் கோட்டைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. இந்தப் பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன்.

9

இறக்கையைத் தாழ்த்திப் பறக்கும்போது உடம்பு தாழ்ந்த பக்கம் சரியும். இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்று தோன்றும். ஏதோ தவறாகப் போகிறது என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும். கிராபில் வரும்போதோ உடம்புக்கு எல்லாம் நேர். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஓடுபாதை கோணலாக நிற்கும்.

தரையை நெருங்குகையில் பலரும் தம்மையறியாமல் இறக்கையைச் சமமாக்கிவிடுவது இதனால்தான். சமம் என்பது உடம்புக்குப் பாதுகாப்பு. கடைசி மூன்று விநாடியில் அந்தப் பாதுகாப்பைத் தேடினால், அதுவரை காற்றோடு சமன் செய்து வைத்திருந்தது குலையும், விமானம் கோட்டைவிட்டு நகரும். இங்கே நேர் எது, கோணல் எது என்று முடிவுசெய்கிற அதிகாரம் உடம்பிடம் இல்லை. ஓடுபாதையிடம் இருக்கிறது. கண்ணைப் பாதையின் கடைக்கோடியில் வைத்தால் பக்கவாட்டு நகர்வு ஓரப்பார்வையில் தானே தெரியும். மூக்குக்கு நேர் கீழே பார்த்தால் தெரியாது.

பறத்தலில் எனக்கு ஆழமான பாடம் இது. சாய்ந்திருப்பதுதான் சரி என்றால், சௌகரியம் இல்லாவிட்டாலும் சாய்ந்தே இருக்க வேண்டும்.

10

தரைக்கு அருகே காற்று பொதுவாகக் குறைகிறது. மண்ணும் மரமும் கட்டிடமும் அதன் வேகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 500 அடியில் தேவைப்பட்ட சாய்வு ஓடுபாதையின் மேல் அதிகமாகிவிடலாம். அதே நேரம் விமானத்தின் வேகமும் இறங்குகிறது. எய்லரான்மேலும் ரட்டர்மேலும் ஓடும் காற்று குறைய, முன்பு அங்குலக் கணக்கில் அசைத்த யோக்கை இப்போது அதிகம் திருப்ப வேண்டியிருக்கும். ஒன்று குறைக்கச் சொல்கிறது, மற்றது கூட்டச் சொல்கிறது. இதற்குச் சூத்திரம் கிடையாது. நகர்கிறோமா இல்லையா என்று பார்த்து, தேவையானதைக் கொடுப்பதுதான் வழி.

விட்டுவிட்டு வீசும் காற்று வேறு விதம். 12 நாட், இடையிடையே 20 என்றால் வித்தியாசம் 8. அதில் பாதியை, அதாவது 4 நாட்டை, அணுகுவேகத்தோடு சேர்த்துக்கொள்வது வழக்கம். இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடான ஃபிளாப் விஷயத்தில், பாதையின் நீளத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் இறக்காதே என்கிறது செஸ்னாவின் கையேடு.

11

இறக்கையைத் தாழ்த்தி வந்தால், காற்றுப்பக்கத்துச் சக்கரம் முதலில் தொடும். ஒற்றைச் சக்கரத்தில் விமானம் சிறிது தூரம் ஓடும். பிறகு மற்றது, கடைசியில் மூக்குச்சக்கரம். சன்னலோரம் இருக்கும் பயணிக்கு இது கோணலான தரையிறக்கமாகத் தெரியலாம். உண்மையில் எல்லாம் சரியாக நடந்ததன் அடையாளம் அதுதான்.

மூக்குச்சக்கரம் ரட்டர் பெடலோடு இணைந்திருப்பதால், அது தரையைத் தொடும் கணத்தில் காலின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். இல்லையேல் விமானம் ஒரு பக்கம் வெட்டும். கையோ தளரக் கூடாது. வேகம் குறையக் குறைய யோக்கைக் காற்றுப்பக்கம் மேலும் திருப்பிக்கொண்டே போய், இறுதியில் முழுவதும் திருப்பிவிட வேண்டும். வால்பகுதியில் காற்று மோதுவதால் மூக்கு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். காற்றுப்பக்கத்து இறக்கை எழும்பப் பார்க்கும்.

நிறுத்துமிடத்துக்கு ஊர்ந்து போகும்போதும் வேலை முடிவதில்லை. காற்று முன்பக்கவாட்டிலிருந்து வந்தால் யோக் காற்றின் பக்கம். பின்பக்கவாட்டிலிருந்து வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, முன்னுக்கும் தள்ளி வைக்க வேண்டும். மேலிறக்கை விமானத்தைப் புரட்டிவிடக்கூடியது இந்தப் பின்பக்கவாட்டுக் காற்றுதான். கயிறு கட்டும்வரை விமானம் பறந்துகொண்டிருப்பதாகவே எண்ண வேண்டும்.

12

பக்கக்காற்றின் தொல்லையை இயந்திரமே ஏற்கட்டும் என்று முயன்றவர்களும் உண்டு. 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த லூயி பிளெரியோவின் விமானத்திலேயே முன்சக்கரங்கள் தாமாகத் திரும்பிக்கொள்ளும்படி அமைந்திருந்தன. 1940இல் சான்று பெற்ற எர்கூப் என்ற சிறு விமானத்தை ஃபிரெட் வெய்க் ரட்டர் பெடலே இல்லாமல் வடிவமைத்தார். அது கோணலாகவே வந்து தொடும். உறுதியான சக்கரக் கால்கள் அதைத் தாங்கி நேராக்கும். பி-52 குண்டுவீச்சு விமானத்தின் சக்கரங்களை 20 டிகிரிவரை திருப்பிவைத்து, மூக்கு வேறு பக்கம் பார்த்திருக்கவே ஓடுபாதையில் நேராக ஓடலாம்.

மூன்றும் அருமையான சிந்தனைகள். ஆனால் சிறு விமானங்களில் நிலைத்தது வேறு. சக்கரம் எளிமையாக இருக்கட்டும், விமானி கற்றுக்கொள்ளட்டும் என்பதே பெரும்பாலானவற்றின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மனிதரைக் கவனமுள்ளவராக ஆக்குகிற வேலையை இயந்திரம் அவரிடமே விட்டுவைத்திருக்கிறது.

13

எப்போது இறங்கக் கூடாது என்பதை விமானமே சொல்லும். இறக்கையைத் தாழ்த்தி, ரட்டரைக் கடைசிவரை அழுத்திய பிறகும் மூக்கு ஓடுபாதைக்கு நேராக வரவில்லை என்றால், அன்றைய காற்று விமானத்தின் சக்திக்கு மேல். இன்னும் கொஞ்சம் முயன்றால் சரியாகிவிடும் என்பதற்கு அங்கே இடமில்லை. அழுத்த மிச்சமில்லாத பெடல் தெளிவான பதில்.

அப்போது என்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் திறந்து, ஃபிளாப்பை 20 டிகிரிக்கு ஏற்றி, மேலே போக வேண்டும். இப்படி இறங்காமல் மேலேறுவதான கோ-அரவுண்டுக்காக யாரிடமும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. சக்கரம் தொட்டபிறகும், பாதை மிச்சமிருந்தால், செய்யலாம். மேலே போனபின் வழிகள் பல. காற்றுக்கு நேரான வேறு ஓடுபாதை, பக்கத்து ஊர்த் தளம், அல்லது காத்திருப்பு. வெயில் தணிந்ததும் காற்றும் தணிவது பெரும்பாலான நாட்களின் இயல்பு. இவை எல்லாவற்றுக்கும் தேவை எரிபொருள் ஒன்றுதான். காற்றுள்ள நாளில் அதைக் கூடுதலாக நிரப்பிக்கொண்டு கிளம்புவதும் இறங்கும் நுட்பத்தில் சேர்த்தி.

14

பறக்கக் கற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அமைதியான காலைகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பழகாதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காலத்திலேயே காற்றுள்ள நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கக்காற்றுக்கு உங்கள் எண் எது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள், வாரந்தோறும் திருத்துங்கள். அதைத் தாண்டிக் காற்று வீசும் நாளில், இறங்காமல் திரும்பிப் போகிறவரே நல்ல விமானி.